இணையதளத்தின் மின்செலவைக் குறைப்பது எப்படி? வடிவமைப்பு முதல் சர்வர் வரை முழுமையான வழிகாட்டி

இணையதளத்தைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்றச் சொன்னால், பெரும்பாலான குழுக்கள் முதலில் கைவைப்பது ஹோஸ்டிங்கில்தான். பக்கத்தின் அடியில் 'பசுமை ஹோஸ்டிங்' என்று ஒரு பச்சை இலை ஏறிவிடும். மேலே நான்கு எம்பி கனம் அப்படியே இருக்கும். ஹோஸ்டிங் முக்கியம்தான், ஆனால் இந்த வரிசை தவறு. அனுப்பத் தேவையில்லாததை அனுப்பாமல் விடுவது முதல் வேலை. அனுப்புவதைச் சிறிதாக்குவது அடுத்தது. எங்கிருந்து அனுப்புகிறோம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

மின்சாரம் எங்கே போகிறது?

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகின் டேட்டா சென்டர்கள் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரத்தைச் செலவழித்தன. உலக மின் நுகர்வில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். இணையதளங்கள் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆனால் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது மின்சாரம் சர்வரில் மட்டும் செலவாவதில்லை. நடுவே நெட்வொர்க் கருவிகள் இருக்கின்றன, கடைசியில் படிப்பவரின் போனோ மடிக்கணினியோ இருக்கிறது. இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் 'சஸ்டெய்னபிள் வெப் டிசைன்' கணக்கீட்டு மாதிரியின் நான்காவது பதிப்பு, பயன்பாட்டு மின்சாரத்தில் டேட்டா சென்டருக்குச் சுமார் 28 சதவீதமும், நெட்வொர்க்குக்கு 30 சதவீதமும், பயனரின் கருவிக்கு 41 சதவீதமும் ஒதுக்குகிறது. மூன்றில் மிகப் பெரிய பங்கு படிப்பவரின் கையில்தான் செலவாகிறது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வில் மிகப் பெரும் பங்கு, அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. எனவே ஏற்கெனவே இருக்கும் போன் இன்னும் இரண்டு வருடம் ஓடினால் அதுவே பெரிய சேமிப்பு. தளங்களும் செயலிகளும் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போனால், நன்றாக இருக்கும் போன்கூட 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று அலமாரிக்குப் போய்விடும். அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: ஐந்து வருடம் பழைய, மலிவான போனில் உங்கள் தளம் திணறாமல் ஓடுகிறதா? கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சரி, கார்பன் கணக்கு எவ்வளவு நம்பகமானது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 5 லட்சம் பக்கப் பார்வைகள் உள்ள தளத்தில் பக்கத்துக்கு 1 எம்பி குறைத்தால் 500 ஜிபி மிச்சம். மேலே சொன்ன அந்தக் கணக்கீட்டு மாதிரி, ஒரு ஜிபிக்குச் சுமார் 0.194 யூனிட் (கிலோவாட்-மணி) என்று வைக்கிறது. அப்படியானால் மாதம் 97 யூனிட். உலக சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 480 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கொண்டால் 46 கிலோ சொச்சம். இது பயனுள்ள எண்தான், ஆனால் துல்லியமான எண் அல்ல. நெட்வொர்க் ரவுட்டர்கள் தரவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மின்சாரத்தை இழுப்பவை. உங்கள் 1 எம்பி குறைந்ததும் அங்கே மீட்டர் உடனே இறங்காது. ஆகவே 'ஒரு பார்வைக்கு 0.37 கிராம்' என்று இரண்டு தசமத்தோடு காட்டும் கருவிகளைப் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். விளம்பரத்தில் போட வேண்டாம்.

1. முதலில் அளவெடுங்கள்

குரோமில் டெவ்டூல்ஸைத் (பிரௌசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவிகள்) திறந்து நெட்வொர்க் பேனலுக்குப் போங்கள். கேஷை, அதாவது பிரௌசர் முன்பே சேமித்து வைத்த நகல்களை, அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அடியில் எத்தனை கோரிக்கைகள் போயின, எவ்வளவு தரவு வந்து சேர்ந்தது என்று ஒரு வரி வரும். அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் முதல் பத்து கோப்புகளிலேயே பிரச்சினையின் பெரும்பகுதி தெரிந்துவிடும். முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதிகம் பேர் வந்து இறங்குவது பெரும்பாலும் ஏதோ ஒரு உள்பக்கத்தில்தான். ட்ராஃபிக் அறிக்கையில் முதல் ஐந்து இடத்தில் இருக்கும் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு எண்: 2024-இல் ஹெச்டிடிபி ஆர்கைவ் அளந்த தளங்களில் டெஸ்க்டாப் முகப்புப் பக்கத்தின் இடைநிலை எடை சுமார் 2.6 எம்பி. அதற்குக் கீழே இருந்தால் நல்ல தளம் என்று அர்த்தமில்லை, பாதித் தளங்களைவிட இலேசானது என்று மட்டுமே அர்த்தம்.

அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் பேனலில் சிபியுவை ஆறு மடங்கு மெதுவாக்கிப் பாருங்கள். அதைவிட நல்லது, உண்மையான பழைய போன் ஒன்றைக் கையில் எடுப்பது. பயர்பாக்ஸ் ப்ரொஃபைலர், வசதியுள்ள கணினிகளில் ஒரு பக்கம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்றே காட்டும். எண்களை எல்லாம் ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். இவை இல்லாமல் பிறகு செய்யும் எதையும் நிரூபிக்க முடியாது.

2. இந்தப் பக்கம் தேவையா?

நிரலை மாற்றுவதற்கு முன் உள்ளடக்கத்தைப் பாருங்கள். டெவலப்பர்கள் பொதுவாகத் தாண்டிப் போகும் படி இது. 'நம் வேலை இல்லை' என்று தோன்றும். ஆனால் முழுதாக நீக்கப்பட்ட ஒரு பக்கத்தை மிஞ்ச எந்த கம்ப்ரெஷனாலும் முடியாது.

படிப்பவர் எதற்காக வருகிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வேலை நேரமா, விண்ணப்பப் படிவமா, விலைப்பட்டியலா? அதை அடைய இப்போது எத்தனை பக்கம் தாண்டுகிறார் என்று எண்ணுங்கள். நான்கு பக்கம் தேடி அலைவதை ஒன்றாகக் குறைத்தால், ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக இளைக்க வைப்பதைவிட அதிகம் மிச்சமாகும். தளத்துக்குள் தேடல் ஒழுங்காக இருப்பதும், மெனுவில் மக்கள் பேசும் சொற்கள் இருப்பதும் இந்தக் கணக்கில் வரும். பிடிஎஃப்பாக மட்டும் கிடைக்கும் மூன்று வரித் தகவலைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தானாக நகரும் ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் ஐந்து படங்களில் நான்கை யாரும் நின்று பார்ப்பதில்லை.

உரை எவ்வளவு இருந்தாலும் கவலை வேண்டாம். தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் எடுக்கும் என்றாலும், கம்ப்ரெஸ் செய்ததும் நன்றாகவே சுருங்கும். இந்தக் கட்டுரையின் உரை முழுவதும் அப்படி அனுப்பினால் இருபது கேபியைத் தாண்டாது. எழுத்தைக் குறைப்பதால் இயற்கைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுத்தைச் சுற்றி நாம் அடுக்கும் மற்றவைதான் விஷயம்.

3. படங்கள்: அதிக மிச்சம் இங்கேதான்

போனில் எடுத்த ஒரு புகைப்படம் 4000 பிக்சல் அகலத்தில் நான்கு எம்பி இருக்கும். அது அப்படியே அட்மின் பக்கம் வழியாக ஏறும், தளத்தில் 400 பிக்சல் கட்டத்துக்குள் காட்டப்படும். படிப்பவரின் போன் நான்கு எம்பியையும் இறக்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்களை நினைவகத்தில் விரித்து, அப்புறம் அதைச் சுருக்கி ஒரு சின்னக் கட்டத்தில் காட்டும். அதே படத்தை 800 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் தரம் 75-இல் சேமித்தால் பெரும்பாலும் நூறு கேபிக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

எனவே முதலில் அளவைக் குறையுங்கள், வடிவத்தை மாற்றுவது அதற்குப் பிறகு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 4000 பிக்சல் படத்தை அப்படியே வெப்பியாக்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள்.

வடிவத்தில் என் தேர்வு இது: புகைப்படங்களுக்கு ஏவிஐஎஃப் (AVIF), அது முடியாத இடத்தில் வெப்பி. லோகோ, ஐகான், வரைபடம் எல்லாம் எஸ்விஜி. ஏவிஐஎஃப் கோப்பை உருவாக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். தளத்தின் கோப்புகளைத் தயாரிக்கும் பில்டின்போது ஒருமுறை செய்துவிட்டால் கவலையில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வரில் புதிதாக உருவாக்கும் அமைப்பு என்றால் வெப்பியே போதும். எஸ்விஜி கோப்புகளை வரைகலை மென்பொருளிலிருந்து எடுத்ததும் எஸ்விஜிஓ கருவி வழியாக ஓட விடுங்கள். தேவையில்லாத குறிப்புகள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

அடுத்து, ஒரே படத்தை மூன்று நான்கு அகலங்களில் தயாரித்து எஸ்ஆர்சி-செட் (srcset) பண்பில் கொடுங்கள். இதில் அடிக்கடி கண்ணில் படும் கோளாறு ஒன்று உண்டு. அகலங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு படம் திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று சொல்லும் சைஸஸ் (sizes) பண்பை விட்டுவிடுவார்கள். அப்போது படம் திரையின் முழு அகலத்தையும் நிரப்பும் என்று பிரௌசர் எடுத்துக்கொள்ளும். மூன்று பத்தி அமைப்பில் ஒரு பத்திக்குள் இருக்கும் சின்னப் படத்துக்கும் பெரிய கோப்பையே இறக்கும். இருக்கும் வேலையெல்லாம் செய்தும் பலன் கிடைக்காமல் போவது இந்த ஒரு வரியால்தான்.

திரைக்குக் கீழே இருக்கும் படங்களுக்கு லேஸி லோடிங் போடுங்கள், வாசகர் அங்கே நெருங்கும்போது மட்டும் அவை இறங்கும். திறந்ததும் தெரியும் முதல் படத்துக்குப் போட வேண்டாம், அது தாமதத்தைத்தான் கூட்டும். அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிட்டால் பக்கம் குதிக்காது.

பார்சிலோனாவில் சூரிய மின்சாரத்தில் ஓடும் லோ-டெக் மேகஸின் தளம் 2018-இல் வந்தபோது, அதன் புள்ளி புள்ளியான கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பார்த்துப் பலர் அதே பாணியைப் பின்பற்றினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் புள்ளியாக்கிய படம், நன்றாகச் சுருக்கிய வெப்பியைவிட எப்போதும் சிறியதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாணி பிடித்திருந்தால் வையுங்கள், சேமிப்புக்காக என்றால் இரண்டையும் அளந்து பாருங்கள்.

4. வீடியோவும் எழுத்துருவும்

வீடியோ தானாக ஓடக்கூடாது. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் அலங்கார வீடியோவுக்கு நியாயமே இல்லை. முன்படம் ஒன்றை வைத்து, அழுத்தினால் மட்டும் இறங்கும்படி செய்யுங்கள். ஜிஃப் அசைபடங்களை எம்பி4 ஆக்கினால் பல மடங்கு சிறியதாகும். யூட்யூப் வீடியோவைப் பதித்தால், யாரும் ஓட்டாவிட்டாலும் பல நூறு கேபி ஜாவாஸ்கிரிப்ட் வந்து இறங்கும். அதற்குப் பதில் ஒரு படமும் ஓட்டு பொத்தானும் காட்டி, அழுத்திய பிறகே உண்மையான பிளேயரை அழைப்பது நல்லது. இதற்கென்றே சின்னச் சின்ன லைப்ரரிகள் இருக்கின்றன.

எழுத்துருவில் முதல் கேள்வி: கருவியிலேயே இருக்கும் எழுத்துரு போதாதா? இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. இல்லை, தனி எழுத்துரு வேண்டும் என்றால், வழக்கமானது ஒன்று, தடித்தது ஒன்று என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இணையத்துக்கென்று சுருக்கிய டபிள்யூஓஎஃப்எஃப்2 (WOFF2) வடிவத்தை மட்டும் அனுப்புங்கள். கிரேக்கம், சிரிலிக் என்று நீங்கள் பயன்படுத்தாத எழுத்துகளை வெட்டி எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்துருவை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. கொம்பும் காலும் சேர்ந்து 'கொ' ஆவதும், 'க்ஷ', 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகள் உருவாவதும் எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளால். வெட்டும் கருவி அந்த விதிகளையும் சேர்த்து நீக்கிவிட்டால் எழுத்து சிதறும். வெட்டியதும் இந்த எழுத்துகளை அடித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

5. ஜாவாஸ்கிரிப்ட்: எடை மட்டுமல்ல, உழைப்பும்

300 கேபி படமும் 300 கேபி ஜாவாஸ்கிரிப்ட்டும் நெட்வொர்க்கில் ஒன்றுதான். போனில் ஒன்றல்ல. படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டைப் பிரித்துப் படித்து, கம்பைல் செய்து, ஓட்டி, அது கேட்கும் அடுத்தடுத்த கோப்புகளையும் கொண்டுவர வேண்டும். பேட்டரியும் பழைய போனின் பொறுமையும் தீர்வது இங்கேதான்.

டெவ்டூல்ஸில் கவரேஜ் என்று ஒரு பேனல் இருக்கிறது. இறங்கிய நிரலில் எவ்வளவு உண்மையில் ஓடியது என்று காட்டும், ஓடாதது சிவப்பில் தெரியும். சிவப்பு பாதிக்கு மேல் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது சகஜம்.

குறைப்பதற்கு ஒரு உதாரணம். தேதியை '15 மார்ச்' என்று காட்டுவதற்காகவே ஒரு முழு தேதி லைப்ரரியை ஏற்றியிருக்கும் தளங்கள் ஏராளம். பிரௌசருக்குள்ளேயே இருக்கும் இன்ட்ல் (Intl) வசதி அதை ஒரே வரியில், மாதப் பெயரைத் தமிழில் எழுதியே செய்துவிடும். அதேபோல் மடங்கி விரியும் கேள்வி-பதில் பகுதிக்கு டீடெய்ல்ஸ் டேக், பாப்-அப்புக்கு டயலாக் டேக், மேலே ஒட்டிக்கொள்ளும் மெனுவுக்கு சிஎஸ்எஸ்ஸின் ஸ்டிக்கி என்று, பத்து வருடம் முன்பு ப்ளக்இன் தேவைப்பட்ட பல வேலைகள் இன்று பிரௌசரிலேயே இருக்கின்றன. ஃப்ரேம்வொர்க் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெரும்பாலும் வாசிக்கவே வரும் ஒரு தளத்துக்கு, முழுப் பக்கத்தையும் போனிலேயே கட்டி எழுப்பும் அமைப்பு எதற்கு? ஹெச்டிஎம்எல் ஆகவே அனுப்பிவிட்டு, கூடையோ தேடல் பெட்டியோ எங்கே தேவையோ அங்கே மட்டும் ஸ்கிரிப்ட் வையுங்கள்.

லைப்ரரியோ ப்ளக்இன்னோ எழுதுபவர்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். டச்சு டெவலப்பர் டேனி வான் கூட்டன், சுமார் 20 லட்சம் தளங்களில் ஓடும் தன் வேர்ட்பிரஸ் ப்ளக்இன்னிலிருந்து 20 கேபி எடையுள்ள ஒரு சார்பு கோப்பை நீக்கினார். தனியொரு தளத்தில் யாரும் பொருட்படுத்தாத அளவு அது. 20 லட்சம் தளங்களின் வாசகர்களால் பெருக்கிப் பாருங்கள்.

வெளியார் ஸ்கிரிப்டுகள் தனிக் கதை. அனலிடிக்ஸ் இரண்டு, சாட் பெட்டி ஒன்று, முடிந்துபோன விளம்பரப் பிரசாரத்தின் கண்காணிப்புப் பிக்சல்கள் சில என்று, இவற்றையெல்லாம் தளத்தில் சேர்க்கும் டேக் மேனேஜருக்குள் சேர்ந்துகொண்டே போகும். எடுத்துவிடச் சொன்னால் 'யாரோ பயன்படுத்துவார்கள்' என்பார்கள். ஒரு பட்டியல் போடுங்கள்: எந்த ஸ்கிரிப்ட், யார் கேட்டது, அதன் அறிக்கையைக் கடைசியாக யார் எப்போது திறந்தார்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருப்பதை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள். யாராவது கேட்டால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

6. திரையில் ஓடிக்கொண்டே இருப்பவை

பக்கம் ஏறியதோடு செலவு முடிவதில்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட், நிற்காமல் சுழலும் அனிமேஷன் எல்லாம் டேப் திறந்திருக்கும்வரை சிபியுவை எழுப்பிக்கொண்டே இருக்கும். பேஜ் விசிபிலிட்டி வசதியை வைத்து, டேப் மறைந்ததும் நிறுத்துங்கள். அனிமேஷன் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபார்ம், ஒபாசிட்டி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பக்கத்தை மறுபடி வரைய வைக்கும். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் அமைத்திருப்பவர்களுக்கு முழுதாக நிறுத்திவிடுங்கள்.

டார்க் மோட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்படுகிறது. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் திரையில்தான் அது மின்சாரத்தைச் சேமிக்கும். சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரியும். பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓலெட் போன்களில் அளந்தபோது, பிரகாசம் முழுதாக இருந்தால் 39 முதல் 47 சதவீதம்வரை பேட்டரி மிச்சமானது. நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீதப் பிரகாசத்தில் மிச்சம் 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. பயனரின் விருப்பத்தைப் படித்து டார்க் மோட் கொடுங்கள், ஆனால் அதைச் செய்ததோடு சுற்றுச்சூழல் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

7. சர்வரும் கேஷும்

ஒருமுறை இறக்கியதை மறுபடி இறக்க வைக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே அதன் உள்ளடக்கத்தின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) இருந்தால், எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோலில் ஒரு வருடம் தாராளமாகக் கொடுக்கலாம். கோப்பு மாறினால் பெயரும் மாறிவிடும். ஹெச்டிஎம்எல்லுக்கு மட்டும் குறைந்த நேரம் வையுங்கள். உரைக் கோப்புகளுக்கு ப்ராட்லி கம்ப்ரெஷன். மாறாத கோப்புகளை பில்டின்போதே உச்ச அளவில் சுருக்கி வைத்துவிடலாம்.

வாரம் ஒருமுறை மாறும் பக்கத்துக்காக ஒவ்வொரு பார்வைக்கும் பிஹெச்பியும் டேட்டாபேஸும் எழுந்து ஓடத் தேவையில்லை. ஸ்டாடிக் கோப்பாக்குங்கள், முடியாவிட்டால் பேஜ் கேஷ் போடுங்கள். செயற்கை நுண்ணறிவில் சுருக்கம் தரும் வசதி இருந்தால், ஒருமுறை உருவாக்கிச் சேமித்து வைத்து எல்லோருக்கும் அதையே காட்டுங்கள். சோதனைக்காக வைத்து, இரவெல்லாம் சும்மா ஓடும் ஸ்டேஜிங் சர்வரையும், எப்போதும் திறக்காத லாக் கோப்புகளையும் மறந்துவிடாதீர்கள்.

8. இப்போது ஹோஸ்டிங்

ஒரு யூனிட் மின்சாரத்துக்கான கார்பன் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். அணுமின்சாரத்தை நம்பியிருக்கும் பிரான்ஸில் 50 கிராம் அளவில். நிலக்கரியை நம்பியிருக்கும் போலந்தில் 600 கிராம் அளவில். கிளவுடில் பிராந்தியத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் இதைப் பாருங்கள். வாசகர்கள் தொலைவில் இருந்தால் படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் சிடிஎன் (பல ஊர்களில் கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்களின் வலை) அருகிலிருந்து கொடுத்துவிடும்.

கிரீன் வெப் ஃபவுண்டேஷனின் பட்டியலில் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதோடு நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது அந்தந்த நேரத்தில் பயன்படுத்துவதா, ஆண்டுக் கடைசியில் சான்றிதழ் வாங்கிச் சமன் செய்வதா? இரண்டு, பியூஇ எவ்வளவு? சர்வர்கள் இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு, குளிரூட்டல் போன்றவற்றையும் சேர்த்து மொத்தம் எத்தனை யூனிட் போகிறது என்பதைக் காட்டும் எண் அது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் 1.1 அளவுக்கு இறக்கியிருக்கின்றன, துறையின் சராசரி 1.5-க்கு மேல். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

9. பாட்களைக் கட்டுப்படுத்துங்கள்

இம்பெர்வா நிறுவனத்தின் அறிக்கைப்படி 2023-இல் இணையப் போக்குவரத்தில் 49.6 சதவீதம் பாட்களுடையது, அதாவது தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்களுடையது. யாருமே படிக்காத பக்கங்களை சர்வர் தயாரித்துக்கொண்டிருக்கலாம். ஆக்சஸ் லாக்கைத் திறந்து எந்த பாட் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். நிறம், அளவு, விலை என்று ஃபில்டர்கள் சேர்ந்து உருவாக்கும் முடிவில்லாத முகவரிகளை, எங்கே வரக்கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் (robots.txt) கோப்பில் தடுங்கள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று 2090 வரை போகும் நாட்காட்டிப் பக்கங்களையும்தான். ரோபாட்ஸ் கோப்பை மதிக்காத பாட்களுக்கு நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்று சர்வரிலேயே வரம்பு வைக்க வேண்டும்.

10. வரம்பை பில்டிலேயே பூட்டுங்கள்

இளைத்த தளம் ஆறு மாதத்தில் பழைய எடைக்கு வந்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஒரு பெரிய படம் என்று தானாகவே ஏறிவிடும். அதைத் தடுக்க எழுதி வைத்த வரம்பு வேண்டும். வாசிப்புத் தளத்துக்கு நான் வைப்பது இது: ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் சேர்த்து 60 கேபி, ஜாவாஸ்கிரிப்ட் 100 கேபி, எழுத்துரு 60 கேபி, திறந்ததும் இறங்கும் படங்கள் 280 கேபி. மொத்தம் 500 கேபி. கடைத் தளத்துக்கு இது போதாமல் இருக்கலாம். எண் எதுவாக இருந்தாலும், அது இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

லைட்ஹவுஸ் சிஐ போன்ற கருவியில் இந்த எண்களைக் கொடுத்துவிட்டால், வரம்பு தாண்டும்போது பில்ட் நின்றுவிடும். அட்மின் பக்கத்தில் படம் ஏற்றும்போதே தானாகச் சுருக்கும்படி செய்யுங்கள். உள்ளடக்கம் எழுதுபவர்களுக்குப் பிக்சல் கணக்கு தெரிய வேண்டிய அவசியமில்லை. சரிபார்ப்புப் பட்டியல் வேண்டுமானால், 2023-இல் முதல் வரைவு வெளியான டபிள்யூ3சி-யின் வலை நிலைத்தன்மை வழிகாட்டுதல்களிலிருந்து உங்கள் தளத்துக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் செய்ய முனைந்தால் முதல் மாதத்திலேயே சலித்துவிடும்.

வரம்பு தாண்டி பில்ட் நிற்கும்போது வரம்பை உயர்த்தித் தப்பிப்பதுதான் எளிய வழி, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதிதாக 30 கேபி சேர்க்க விரும்புபவர் வேறெங்காவது 30 கேபி எடுக்க வேண்டும். எடுக்கவே முடியாது என்றால் காரணத்தையும், வரம்பை மறுபடி எப்போது பழைய அளவுக்கு இறக்குவார் என்ற தேதியையும் அந்த கமிட்டிலேயே தன் பெயரில் எழுதட்டும்.